பிள்ளைகளுக்கான ஜீவனாம்ச ஆணை கையில் இருக்கிறது, பணம் வரவில்லை: என்ன செய்யலாம்?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான். இரண்டு பிள்ளைகளுக்கும் தலா 4,000 ரூபாய் வீதம் மாதம் 8,000 ரூபாய் ஜீவனாம்சம் தரவேண்டும் என்று ஊட்டி குடும்பநல நீதிமன்றம் ஆணையிட்டு இரண்டரை வருடம் தாண்டிவிட்டது. முதல் ஐந்து மாதம் பணம் வந்தது. அதற்குப் பிறகு 26 மாதமாக ஒரு ரூபாய்கூட இல்லை. கணவர் இப்போது கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். ஊரில் மாமியார் பேரில் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. ஒரு வருடம் போனால் பழைய பாக்கி காலாவதி ஆகிவிடும் என்கிறார் ஒருவர். ஒரு மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது என்கிறார் இன்னொருவர். "ஜெயிலில் போட்டால் பணம் வருமா?" என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். அவரை ஜெயிலில் பார்க்கவேண்டும் என்பது உங்கள் நோக்கமில்லை என்பது எழுத்திலேயே தெரிகிறது. பிள்ளைகளுடைய பாக்கி இன்னும் உயிரோடு இருக்கிறதா, இருந்தால் எந்த வழியாகப் போனால் அது வீடு வந்து சேரும் என்பதுதான் உங்கள் கேள்வி.

நீலகிரியில் பல வருடங்களாகக் குடும்ப வழக்குகள் நடத்துகிறேன். அவற்றில் பெரும்பகுதி ஆணை வாங்குவதைப் பற்றியதல்ல, வாங்கிய ஆணையைப் பணமாக்குவதைப் பற்றியது. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஆணையின் நகலை நான் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதில் சட்டம் உறுதியாக இருக்கும் இடத்தில் உறுதியாகச் சொல்கிறேன், நீதிமன்றங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கும் இடத்தை அப்படியே சொல்கிறேன்.

முதலில் ஆணையை எடுத்து, மேலே இருக்கும் எண்ணைப் பாருங்கள். எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) என்று தொடங்கினால் அது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவில் வந்த ஆணை. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு இருக்கிறது. எச்.எம்.ஓ.பி. (இந்து திருமணச் சட்ட மனு) என்று இருந்தால் விவாகரத்து வழக்கோடு சேர்ந்து வந்த ஆணை, அதைச் சிவில் டிக்ரி (சிவில் நீதிமன்றத்தின் தீர்ப்பாணை) போல நிறைவேற்றவேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் வந்த ஆணையாக இருந்தால், அந்தச் சட்டத்தின் 20(6) பிரிவில், சம்பளம் தரும் முதலாளியே ஒரு பகுதியைப் பிடித்து உங்களிடம் தரவேண்டும் என்று மாஜிஸ்திரேட் நேரடியாக உத்தரவிடலாம். பிள்ளைகளுக்கு மட்டும் தொகை சொல்லி வந்திருப்பதால் உங்களுடையது எம்.சி. ஆணையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியே வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஆணை பழைய சட்டத்தில் வந்திருந்தாலும் கவலையில்லை. புதிய சட்டத்தின் 531-ஆம் பிரிவு பழைய ஆணைகளைப் புதிய சட்டத்தில் பிறந்தவையாகவே ஏற்றுக்கொள்கிறது.

இனி அந்த ஒரு வருடக் கணக்கு. உங்களைப் பயமுறுத்தியவர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார், தப்பான பாதிதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. சட்டம் சொல்வது இது: ஒரு மாதத்துப் பணம் கட்டவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டால்தான் அந்த மாதத்துக்காக வாரண்ட் பிறப்பிக்க முடியும். ஒவ்வொரு மாதமும் தனித்தனிக் கணக்கு. நீங்கள் இன்று மனு போட்டால் கடைசி 12 மாதத்துக்கான 96,000 ரூபாய்க்கு வாரண்ட் கேட்கலாம். அதற்கு முந்தைய 14 மாதத்தின் 1,12,000 ரூபாய்க்கு இந்த வாரண்ட் வழி அடைபட்டுவிட்டது. அடைபட்டது அந்த வழி மட்டுமே, கடன் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஒரு வருடம் தாண்டியவர் வாரண்ட், சிறை என்ற விரைவு வழியை இழக்கிறார், பாக்கியைக் கேட்கும் உரிமையை இழப்பதில்லை, சாதாரண சிவில் வழியில் அதை வசூலிக்கலாம் என்றது. இது உறுதியான சட்டம். உங்கள் வக்கீல் இதைக் கோர்ட்டில் சொல்லத் தயங்கவேண்டியதில்லை.

உறுதி இல்லாத இடம் அதற்கு அடுத்தது. அந்தச் சிவில் வழிக்கு எத்தனை காலம் இருக்கிறது? இந்து ஒருவர் ஜீவனாம்ச நிலுவை கேட்டுப் போடும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் மூன்று வருடம் வைத்திருக்கிறது, அதுவும் ஒவ்வொரு தவணையும் கொடுக்கவேண்டிய நாளிலிருந்து. ஆணையையே டிக்ரியாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றலாம் என்று வாதிட்டால், டிக்ரிக்கான 12 வருடக் கணக்கு வரும். இரண்டாவதை நம்பிக் காத்திருக்காதீர்கள். மூன்று வருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுடைய மிகப் பழைய பாக்கிக்கு 26 மாதம் ஓடிவிட்டது. மூன்று வருடம் முடிய இன்னும் 10 மாதம் இருக்கிறது.

இடையில் ஒருமுறையாவது நிலுவை மனு போட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டு அது இன்னும் முடிவாகாமல் நின்றால் உங்கள் நிலைமை நான் மேலே சொன்னதைவிட நல்லது. சாந்தா என்கிற உஷாதேவி வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், முதல் மனு காலத்துக்குள் போடப்பட்டு நிலுவையில் இருந்தால், அதற்குப் பின் சேர்ந்த பாக்கியை அதே மனுவில் சேர்த்துக் கேட்கலாம், ஒவ்வொரு முறையும் புது மனு போட்டு ஒரு வருடக் கணக்கில் மாட்டவேண்டியதில்லை என்றது. அதனால் பழைய மனு ஏதாவது இருந்து, வாய்தாவுக்குப் போகாமல் விட்டதால் தள்ளுபடி ஆகியிருந்தாலும், அதை வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதை மீட்க முடியுமா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

அடுத்து ஜெயில். இரண்டாமவர் சொன்னது முழுத் தவறு. சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் வழி, பணத்துக்கு ஈடு அல்ல. குல்தீப் கௌர் எதிர் சுரீந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 1980-களின் கடைசியிலேயே தீர்த்துவைத்துவிட்டது. உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்தாலும் அந்த மாதங்களின் பாக்கி அப்படியே நிற்கும், கட்டினால்தான் தீரும். சட்டத்தின் வரிசையையும் கவனியுங்கள். முதலில் அபராதத் தொகையை வசூலிப்பது போல ஜப்தி வாரண்ட், அதை நிறைவேற்றிய பிறகும் நிற்கும் பாக்கிக்கு ஒரு மாதம் வரை சிறை, இடையில் கட்டிவிட்டால் உடனே விடுதலை. நடைமுறையில் பல கோர்ட்டுகள் ஜப்தியைத் தாண்டி நேரே பிடிவாரண்டுக்குப் போகின்றன. அவருடைய வக்கீல் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போனால் என்ன ஆகும் என்பதில் உயர் நீதிமன்றங்களுக்குள் ஒரே குரல் இல்லை. ஆகவே மனுவிலேயே இரண்டையும் வரிசையாகக் கேட்பது நல்லது. 12 மாதப் பாக்கிக்கு ஒரே மனுவில் 12 மாதச் சிறை போட முடியுமா என்பதும் இப்படித்தான். சஹாதா காத்தூன் வழக்கை வைத்து ஒரு மாதத்துக்கு மேல் கூடாது என்பவர்களும் உண்டு, ஒவ்வொரு மாதத் தவறுக்கும் ஒரு மாதம் என்று சட்டத்தின் சொற்களையே காட்டுபவர்களும் உண்டு.

உங்கள் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில்: பணம் இருந்தும் கட்டாத ஆளுக்குப் பிடிவாரண்ட் வந்தால் பெரும்பாலும் உள்ளே போவதற்கு முன்பே பணம் வந்துவிடும். அண்ணனோ மாமாவோ கட்டிவிடுவார்கள். கையில் உண்மையாகவே ஒன்றும் இல்லாத ஆளை உள்ளே வைத்தால் வேன் ஓட்டும் வேலையும் போகும், அடுத்த மாதத்துப் பணமும் போகும். உங்கள் கணவர் இதில் எந்த வகை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதை வைத்துத்தான் எந்த வழியை முதலில் பிடிப்பது என்று முடிவெடுக்கவேண்டும். அவருக்குப் பணம் எங்கிருந்து, எந்தத் தேதியில், யார் கை வழியாக வருகிறது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நான் நடத்திய நிலுவை வழக்குகளில் இழுத்துக்கொண்டே போனவை பெரும்பாலும் இந்த விவரம் இல்லாதவை.

அவருக்குக் கம்பெனி சம்பளம் என்கிறீர்கள். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜீவனாம்சத்துக்கு ஒரு தனிச் சலுகை வைத்திருக்கிறது. மற்றக் கடன்களுக்குச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜீவனாம்ச டிக்ரிக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும்தான் பாதுகாப்பு, மீதி முழுவதையும் ஜப்தி செய்யலாம். தனியார் கம்பெனியில் வேலை செய்பவரின் சம்பளத்தையும் பிடிக்கச் சொல்லிக் கம்பெனிக்கே உத்தரவு அனுப்ப அதே சட்டத்தின் ஆர்டர் 21-இல் இடமிருக்கிறது. சிக்கல் ஒன்று உண்டு. குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு எம்.சி. ஆணையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படிதான் நிறைவேற்றச் சொல்கிறது. மறுபக்கம், 2020 நவம்பர் 4-ஆம் தேதி ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச ஆணையைச் சிவில் நீதிமன்றப் பண டிக்ரி போலவும், சம்பள ஜப்தி உட்பட, நிறைவேற்றலாம் என்றது. எதிர்த் தரப்பு முதலாவதைப் பிடிக்கும், நீங்கள் இரண்டாவதைப் பிடிக்கவேண்டும். எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது. 12 மாதத்துக்கு வாரண்ட் மனு, பழைய 14 மாதத்துக்குத் தனியாக ஈ.பி. (டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) என்று இரண்டையும் போடச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். ஈ.பி.யில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆர்டர் 21, விதி 41-இன்படி அவருடைய சொத்து, வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தரச் சொல்லலாம். கோர்ட் உத்தரவிட்டும் தராவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கூலித் தொழிலாளியின் கூலியைச் சிவில் சட்டத்தில் ஜப்தி செய்ய முடியாது. எஸ்டேட்டில் நாள் கூலிக்குப் போகிறவர், காய்கறித் தோட்டத்தில் கேரட் பிடுங்குகிறவர் என்றால் இந்தக் கதவு மூடியிருக்கிறது. வேன் டிரைவரும் தன்னைக் கூலியாள் என்று சொல்லிப் பார்க்கலாம். மாதச் சம்பளம், வங்கிக் கணக்கு, பி.எஃப். பிடித்தம் இருக்கிறது என்று காட்டினால் அந்த வாதம் வலுவிழக்கும். அதனால் கம்பெனியின் சரியான பெயரும் முகவரியும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

தேயிலைத் தோட்டத்துக்கு வருவோம். மாமியார் பேரில் பட்டா இருந்தால் அதை உங்கள் கணவரின் கடனுக்கு ஜப்தி செய்ய முடியாது. ஆனால் அந்தத் தோட்டம் எப்படி மாமியார் பேருக்கு வந்தது என்று பாருங்கள். மாமனார் பேரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், பட்டா யார் பேரில் இருந்தாலும் மகனுக்கு அதில் ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கை ஜப்தி செய்யலாம். கணவர் பேரிலேயே இருந்து, வழக்கு வந்த பிறகு அம்மாவுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதியிருந்தால், இலவசமாகக் கைமாறிய சொத்தின் மீது ஜீவனாம்ச உரிமையைத் தொடரச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இடம் தருகிறது. சர்வே எண் தெரிந்தால் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம், பதிவு அலுவலகத்துக்கு அலையவேண்டாம். கடைசி 15 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.

தோட்டம் யார் பேரில் இருந்தாலும், பச்சைத் தேயிலையை ஃபேக்டரியில் யார் பேரில் போடுகிறார்கள் என்பது தனிக் கேள்வி, நம் மலையில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையாக இருந்தால் உறுப்பினர் எண் இருக்கும். தனியார் ஃபேக்டரியாக இருந்தால் இலை ஏஜென்டின் நோட்டில் பெயர் இருக்கும். உங்கள் கணவர் பேரில் இலை போகிறதென்றால் ஃபேக்டரி அவருக்குக் கொடுக்கவேண்டிய பணம் ஒரு கடன். அதை அவரிடம் கொடுக்காமல் கோர்ட்டில் கட்டு என்று ஃபேக்டரிக்கு ஆர்டர் 21, விதி 46-ஏ-யின் கீழ் உத்தரவு வாங்கலாம். நிலத்தை ஏலம் விடுவதைவிட இது எவ்வளவோ எளிது, தோட்டமும் குடும்பத்தில் மிஞ்சும், நாளைக்கு அது பிள்ளைகளுக்குத்தானே வரவேண்டியது. கூடலூர், பந்தலூர்ப் பக்கத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் சிக்கிப் பட்டா இல்லாமல் கிடக்கும் நிலத்தை நம்பி ஜப்தி மனு போட்டால் வருடங்கள் போகும். அங்கெல்லாம் இலைப் பணத்தையோ சம்பளத்தையோ குறிவைப்பதே மேல்.

இனி வாரண்ட் எப்படிப் பயணம் செய்கிறது என்பது. ஊட்டியில் பிறந்த ஜப்தி வாரண்ட் கோயம்புத்தூரில் இருக்கும் பொருளைத் தொடவேண்டுமானால் அந்த மாவட்டத்தின் மாவட்ட மாஜிஸ்திரேட் மேலொப்பம் போடவேண்டும். இங்கேதான் பல வாரண்டுகள் மாதக்கணக்கில் கிடக்கின்றன. இதைத் தாண்ட பி.என்.எஸ்.எஸ். 147-ஆம் பிரிவு ஒரு வழி தருகிறது. ஜீவனாம்ச ஆணையை அவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஊர் நீதிமன்றமே நிறைவேற்றலாம். ஆணையின் நகல், இன்னார்தான் இவர் என்பதற்கு ஆதாரம், பணம் வரவில்லை என்ற கணக்கு, இவை போதும். ஆணையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது, நகலுக்குக் காசு கேட்டால் இதைச் சொல்லுங்கள். கோயம்புத்தூரில் மனு போட்டால் வேகம் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோத்தகிரியிலிருந்து மலை இறங்கி ஏறவேண்டும். மழைக்காலத்தில் ரோட்டில் மண் சரிந்தால் அந்த வாய்தாவே போய்விடும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது முடியுமா என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஊட்டியிலேயே நடத்துவதானால் காக்காதோப்பு நீதிமன்ற வளாகத்துக்கு ஒரு பஸ் பயணம்தான், வாரண்ட்தான் மெதுவாகப் போகும். கணவர் கேரளாவுக்கோ கர்நாடகாவுக்கோ போயிருந்தாலும் 147-ஆம் பிரிவு அங்கேயும் பொருந்தும். வளைகுடாவுக்குப் போய்விட்டவர்கள் விஷயத்தில் இந்த ஆயுதங்கள் பெரும்பாலும் எட்டாது. இங்கே இருக்கும் சொத்தைத்தான் பிடிக்கவேண்டும்.

பிடிவாரண்ட் வந்தால் அது ஸ்டேஷனுக்குப் போகும், அங்கே பல வாரண்டுகளோடு அதுவும் ஒன்று. கோர்ட்டுக்கு வரும் காவலரிடம் அவருடைய சமீபத்திய போட்டோ, தங்கியிருக்கும் அறையின் முகவரி, வண்டி எண், எந்த நாளில் எங்கே இருப்பார் என்பதை எழுதிக் கொடுங்கள். மாரியம்மன் திருவிழாவுக்கோ ஹெத்தை பண்டிகைக்கோ ஊருக்கு வருவார் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். இது பழிவாங்குவதல்ல. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கான வேலை.

அவர் கோர்ட்டில் என்ன சொல்வார் என்பதும் எனக்கு ஓரளவு தெரியும். "பச்சைத் தேயிலைக்கு விலையில்லை" என்பார். அது பொய்யல்ல, சிறு விவசாயிகள் எத்தனை வருடமாக அந்தக் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்பதை இந்த மலையில் வாழும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் வருமானம் குறைந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லி பி.என்.எஸ்.எஸ். 146-ஆம் பிரிவில் மனு போடவேண்டும். தானாகவே நிறுத்திக்கொள்ள உரிமை இல்லை. குறைத்தாலும் அது ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பாக்கியைப் பொதுவாகத் தொடாது. விலைவாசியும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் ஏறிவிட்டதென்றால் தொகையை உயர்த்திக் கேட்கவும் இதே பிரிவுதான். "வேலை இல்லை" என்பார். உடல் நலமாக இருக்கும் ஆண் உடல் உழைப்புச் செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றவேண்டும் என்று 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. "பிள்ளைகளை என்னிடம் காட்டுவதில்லை" என்பார். பிள்ளைகளைப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு, அதற்குத் தனியாக மனு போடலாம், கோர்ட் நேரம் ஒதுக்கித் தரும். பார்க்க விடவில்லை என்பது சாப்பாட்டுப் பணத்தை நிறுத்தக் காரணம் ஆகாது. அதேபோல பணம் தரவில்லை என்று நீங்களும் கோர்ட் ஒதுக்கிய சந்திப்பைத் தடுக்காதீர்கள், அது உங்கள் வழக்கையும் பலவீனப்படுத்தும், பிள்ளைகளையும் வாட்டும்.

வாரண்ட் வந்த பிறகு பெரும்பாலும் நடப்பது இது. அடுத்த வாய்தாவில் அவருடைய வக்கீல் 10,000 ரூபாயோடு வந்து வாரண்டைத் திரும்பப் பெறச் சொல்லுவார். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மெமோ (கோர்ட்டில் கொடுக்கும் எழுத்துக் குறிப்பு) இல்லாமல் வாங்காதீர்கள். எந்தெந்த மாதத்துக்கு வரவு, மிச்சம் எவ்வளவு, அடுத்த தவணை எந்தத் தேதி என்பது கோர்ட் பதிவில் ஏறவேண்டும், தவறினால் வாரண்ட் மறுபடி உயிர்பெறும் என்றும் எழுதச் சொல்லுங்கள். எந்த மாதத்துக்கு என்று சொல்லாமல் ஜிபேயில் திடீரென்று பணம் அனுப்பினால் அதை மிகப் பழைய மாதத்தில் வரவு வைத்து, அப்படி வைத்திருப்பதாக அவருக்கு ஒரு செய்தியும் அனுப்பிவிடுங்கள். பணம் கட்டுகிறவர் சொல்லாதபோது எந்தக் கடனில் வரவு வைப்பது என்பதைப் பணத்தைப் பெறுகிறவர் முடிவு செய்யலாம் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் விதி. குடும்பநல நீதிமன்றமும் அதை ஏற்கவேண்டும் என்பது என் கருத்து. ரொக்கமாகக் கொடுத்தால் அதைக் கணக்கில் போட்டுவிட்டுச் செலவழியுங்கள். கொடுத்ததை இல்லை என்று சொன்னதாக ஒருமுறை தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

ஊர்ப் பெரியவர்கள் இதில் வருவார்கள், வந்தே தீருவார்கள். "ஒரு லட்சம் மொத்தமாக வாங்கிக்கொண்டு முடித்துவிடம்மா, கோர்ட் எதற்கு" என்பார்கள். பலர் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், சில நேரம் கோர்ட்டைவிடச் சீக்கிரமாகப் பணத்தையும் வரவழைத்துவிடுகிறார்கள். பேச்சுக்குப் போங்கள். ஆனால் 2,08,000 ரூபாய் பாக்கியும் இனி வரப்போகும் மாதங்களும் உங்களுடைய பணமில்லை, பிள்ளைகளுடையது. அவர்களுக்காக நீங்கள் அதை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் முத்திரைத்தாள் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது என்றுதான் நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. உங்கள் கையெழுத்தை வைத்து வழக்கை இழுக்க மட்டும் அது அவருக்கு உதவும். ஊரில் பேசி முடித்ததை லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) பதிவு செய்யுங்கள், அது சிவில் டிக்ரிக்குச் சமம், மறுபடி ஏமாற்றினால் அதையே நிறைவேற்றலாம். முத்திரைத்தாளை வைத்துக்கொண்டு மனுவை வாபஸ் வாங்காதீர்கள். மனு வாபஸ் ஆகிவிட்டால் அந்த ஒரு வருடக் கணக்கு மறுபடி உங்களுக்கு எதிராக வந்து நிற்கும். இந்த ஒன்றில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. அவர் கோர்ட்டுக்கு வராமலே ஒருதலைப்பட்சமாக ஆணை வந்திருந்தால், அதை ரத்து செய்யக் கேட்க அவருக்கு மூன்று மாத அவகாசம்தான் சட்டத்தில் இருக்கிறது, அது போய்விட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிவிஷன் (மறுசீராய்வு மனு) போட்டிருக்கிறேன் என்று சொன்னால் ஸ்டே (இடைக்காலத் தடை) உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். ரிவிஷன் போட்டதனாலேயே எதுவும் நிற்காது, ஸ்டே கொடுத்தாலும் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லித்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். பிள்ளைகளுக்கு 18 வயது முடிந்தால் 144-ஆம் பிரிவில் புதிதாகப் பணம் சேர்வது நிற்கும், அதுவரை சேர்ந்த பாக்கி நிற்காது. பெண்பிள்ளையாக இருந்தால் திருமணம் வரை இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தில் தனியாகக் கேட்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். போகும்போது ஆணையின் நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, இரண்டரை வருடத்துக்கான வங்கிப் பாஸ்புக் பதிவு, மாதம் மாதமாக எழுதிய நிலுவைக் கணக்கு, அவர் வேலை செய்யும் இடத்தின் பெயர், தோட்டத்தின் சர்வே எண், ஃபேக்டரியின் பெயர் இவற்றை எடுத்துச் செல்லுங்கள். எல்லாம் சேரும்வரை காத்திருக்காதீர்கள், ஆணையும் பாஸ்புக்கும் இருந்தாலே மனு போட்டுவிடலாம், மற்றதைப் பின்னால் சேர்க்கலாம். வக்கீல் நியமனம் தாமதமானால் நீங்களே போடலாம். குடும்பநல நீதிமன்றத்தில் கட்சிக்காரர் நேரடியாகவே தன் வழக்கை நடத்தலாம் என்பதுதான் அடிப்படை விதி. ஒரு வெள்ளைத்தாளில் எம்.சி. எண், ஆணைத் தேதி, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை பாக்கி, மொத்தம் எவ்வளவு, வாரண்ட் வேண்டும் என்று தமிழில் எழுதி, பிரமாணப் பத்திரத்தோடு கொடுங்கள். இந்த மாதம் முடிவதற்குள் கொடுத்துவிட்டால் 96,000 ரூபாயும் வாரண்ட் வழிக்குள் நிற்கும். அடுத்த மாதம் என்றால் அதில் 8,000 ரூபாய் ஈ.பி.யின் நீண்ட வழிக்குப் போய்விடும்.